விளிம்பில் அமர்ந்த பார்வை

கெரட்டோகோனஸ் என்ற கண்நோய் உள்ள ஒருவரிடம் தனக்குத் தெரிகிற பௌர்ணமி நிலவை வரைந்து காட்டச் சொன்னால், ஒரே வட்டத்தோடு நிறுத்த மாட்டார். ஒன்றின் மேல் ஒன்று ஏறிய மூன்று நான்கு வட்டங்களையும், ஒரு பக்கமாக இழுத்துவிட்ட வாலையும் வரைவார். இரவில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்குக்கும் அதே வால்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தாலும் எழுத்தின் பக்கத்தில் நிழலெழுத்து ஒன்று கூடவே நிற்கும். “கண்ணாடி போட்டும் சரியாத் தெரியலை” என்று இவர்கள் சொன்னால், பவர் தப்பாகிவிட்டது என்று வீட்டில் உள்ளவர்கள் நினைப்பார்கள். பவர் சரியாகவே இருக்கும். கோளாறு, பவர் என்ற கணக்குக்குள் அடங்காதது.

கண்தானத்தில் எடுத்துக்கொள்ளப்படும், கண்ணின் ஒளிபுகும் முகப்புக்குத்தான் கார்னியா என்று பெயர். நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல். குறுக்களவு பன்னிரண்டு மில்லிமீட்டருக்குள். ஒளியை வளைக்கும் கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் என்றால், அதில் சுமார் 43 இதன் பங்கு. இவ்வளவு சுமக்கிற இடம் கெரட்டோகோனஸில் மெலிந்து, பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே, கூம்பாகப் பிதுங்குகிறது. லிவர்பூல் மருத்துவர் ஜான் நாட்டிங்காம் 1854இலேயே இந்த நோயைப் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார். மூக்குக்கண்ணாடி கிட்டப்பார்வையைத் திருத்தும், சிலிண்டர் பவரைத் திருத்தும். இரண்டும் ஒழுங்கான பிழைகள். கூம்பின் மேல்பாதி ஒரு வளைவும் கீழ்ப்பாதி வேறொரு வளைவுமாக இருக்கும்போது, ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி புள்ளியாகச் சேராமல் வால்நட்சத்திர வடிவில் சிதறுகிறது. கோமா என்று அந்தச் சிதறலுக்குப் பெயர். அதை மூக்கின் மேல் நிற்கும் எந்தக் கண்ணாடியாலும் பிடிக்க முடியாது. கண் திரும்பும்போது கண்ணாடி கூடவே திரும்பாது.

இந்தக் கண்ணுக்கு ஸ்க்லீரல் லென்ஸ் என்னும் பெரிய கான்டாக்ட் லென்ஸ் செய்கிற வேலையை நான் திரும்பத் திரும்ப ரசிப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. எழுத்து எவ்வளவு கூர்மையாகத் தெரியும் என்பதை, பார்வைக் கோட்டிலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் தள்ளி, கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் அதன் விளிம்புதான் பெருமளவு முடிவு செய்கிறது. ஒளி ஒருபோதும் கடந்து போகாத இடம் அது. அந்த விளிம்பில் நூறு மைக்ரான் பிசகினால் நடுவில் பார்வை கெடும்.

யோசனை பழையது. கோணல்மாணலான கார்னியாவின் மேல் தெளிந்த ஜெல்லியை வைத்து, அதைக் கண்ணாடிக் குமிழால் மூடினால் பார்வை சீராகலாம் என்று வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1845இல் அச்சான ஒரு கட்டுரையில் எழுதினார். 1888இல் ஸூரிக்கில் அடால்ஃப் ஃபிக், ஊதிச் செய்த கண்ணாடி ஓடுகளை முதலில் முயலுக்கும் பிறகு தன் கண்ணுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் போட்டுப் பார்த்தார். ஓட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே அவர் நிரப்பியது திராட்சைச் சர்க்கரைக் கரைசல். அதே ஆண்டில் பாரிஸில் எழேன் கால்ட் கூம்புக் கார்னியாவுக்கே இதைப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் முல்லர் என்ற ஜெர்மானிய மாணவர் தன் கடுமையான கிட்டப்பார்வைக்கு ஒன்றைச் செய்துகொண்டு, அதையே பட்ட ஆய்வாக கீல் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். கொக்கெய்ன் போட்டு மரத்துப்போகச் செய்தும் அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

ஆக, கார்னியாவைவிடப் பெரியதாக, வெள்ளை விழியில் தங்குவதாகச் செய்யப்பட்டவையே முதல் கான்டாக்ட் லென்ஸ்கள். இன்று கடைகளில் கிடைக்கும் சிறு லென்ஸ்கள் பின்னால் வந்தவை. பெரிய லென்ஸை ஒதுக்கிவைத்ததற்கு அதன் வடிவம் காரணமில்லை. கார்னியாவுக்கு ரத்தக் குழாய் கிடையாது. ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கண்ணாடியும் பின்னர் வந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் அதைத் தடுத்துவிட்டன. சில மணி நேரத்தில் கார்னியா வீங்கி, விளக்குகளைச் சுற்றி நிற வளையங்கள் தெரியத் தொடங்கின. காற்றை உள்ளே விடும் பிளாஸ்டிக்கில் இந்தப் பெரிய லென்ஸைச் செய்ய முடியும் என்று ஆஸ்திரேலியாவின் டொனால்ட் எஸகீல் 1983இல் எழுதினார். பாஸ்டனில் பெர்ரி ரோஸந்தால் அதை வாழ்நாள் பணியாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய லென்ஸுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 1994இல் அனுமதி கொடுத்தது.

இனி, லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே நிற்கும் நீர். லென்ஸின் குழிந்த பக்கத்தை மேலே பார்க்க நிமிர்த்திப் பிடித்து, பதனப்பொருள் கலக்காத சலைனை விளிம்பு தளும்ப ஊற்ற வேண்டும். பிறகு தலையைக் குனிந்து, முகம் தரையைப் பார்க்க, கண்ணை லென்ஸிடம் கொண்டுபோக வேண்டும். நிமிர்ந்தபடி போட்டால் நீர் சிந்திக் குமிழி ஏறிவிடும். கண்ணின் பாப்பாவுக்கு எதிரே ஒரு குமிழி நின்றால் பார்வை அங்கேயே உடையும். இந்த நீரைக் கண் உலராமல் இருக்க ஊற்றுவது என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். பார்வைக்கான மருந்தே அதுதான். குண்டும் குழியுமான சாலையில் மழை பெய்து நீர் நிறைந்தால் மேல்மட்டம் எப்படி ஒரே சமமாக நிற்குமோ, அப்படிக் கார்னியாவின் மேடுபள்ளங்களை நீர் நிரப்பிவிட, ஒளி முதலில் சந்திக்கும் பரப்பு லென்ஸின் வழவழப்பான முகப்பாகிவிடுகிறது.

எவ்வளவு மறைகிறது என்பதை விரல்விட்டே கணக்கிடலாம் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். கார்னியாவின் ஒளிவிலகல் எண் 1.376. காற்றுக்கு 1. கார்னியாவின் முகப்பில் இருக்கும் ஒவ்வொரு கோணலும் இந்த 0.376 என்ற வித்தியாசத்தால் பெருக்கப்பட்டுத்தான் பார்வையைக் கெடுக்கிறது. காற்று இருந்த இடத்தில் 1.336 கொண்ட நீர் வந்து நின்றால் வித்தியாசம் 0.040 ஆகச் சுருங்குகிறது. கோணல் அப்படியே இருக்கிறது. அதன் கெடுதலில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடுகிறது. அறுவை இல்லை, கார்னியாவின் ஒரு செல்லையும் தொடவில்லை.

ஆனால் கார்னியாவுக்குப் பின்பக்கமும் ஒன்று உண்டு. அதுவும் கூம்பாகத்தான் பிதுங்கியிருக்கும். முன்பக்கம் ஒளியைக் குவிக்கும்போது பின்பக்கம் சிறிதளவு விரிக்கிறது. ஆகவே முன்பக்கக் கோணலின் கெடுதலைப் பின்பக்கக் கோணல் ஓரளவு எதிர்த்துக் குறைத்துக்கொண்டிருந்தது. முன்பக்கத்தை நீர் மறைத்ததும் பின்பக்கம் தனித்து வெளியே வருகிறது. கெட்டியான லென்ஸ் போட்ட கெரட்டோகோனஸ் கண்களை அளந்தவர்கள் அழகான ஒன்றைக் கண்டார்கள்: லென்ஸ் இல்லாதபோது ஒரு திசையில் நீண்ட கோமா வால், லென்ஸ் போட்டதும் குட்டையாகி எதிர்த்திசைக்குத் திரும்பிவிடுகிறது. “முன்னைக்கு இப்ப எவ்வளவோ நல்லாத் தெரியுது, ஆனா நிழல் இன்னும் கொஞ்சம் இருக்கு, அது இடம் மாறிடுச்சு” என்று ஒருவர் சொன்னால், அவர் தன் கார்னியாவின் பின்புறத்தைத்தான் வர்ணிக்கிறார். அவர் சொல்வதை அலட்சியப்படுத்தக் கூடாது.

லென்ஸ் கார்னியாவை எங்கும் தொடக் கூடாது. கூம்பின் நுனியில் உரசினால் அங்கே வடு விழும், வடு விழுந்த இடத்தில் எந்த நீரும் உதவாது. அதனால் இதைச் செய்பவர்கள் வளைவைவிட ஆழத்தைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். சாதாரணக் கண்ணில் பதினைந்து மில்லிமீட்டர் அகலத்தில் அளந்தால் கண்ணின் முன்பக்கம் சுமார் மூன்றேமுக்கால் மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். முற்றிய கூம்பில் இன்னும் கூடுதல். அந்த உயரத்துக்கு மேலே 200 முதல் 300 மைக்ரான் இடைவெளி விட்டு லென்ஸ் நிற்க வேண்டும்.

அந்த இடைவெளியை அளக்கும் முறையும் நேர்த்தியானது. சலைனில் ஃப்ளூரசின் சாயம் கலந்து, ஸ்லிட் லாம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியின் மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்த்து விட்டால் மூன்று பட்டைகள் தெரியும்: முன்னால் லென்ஸ், நடுவில் பச்சையாக ஒளிரும் நீர், பின்னால் கார்னியா. லென்ஸின் தடிமன் எத்தனை மைக்ரான் என்று முன்பே தெரியும். பச்சைப் பட்டை அதற்குச் சமமா, முக்காலா, பாதியா என்று பழகிய கண் பார்த்தே சொல்லிவிடும். ஓ.சி.டி. கருவி இருந்தால் எண்ணாகவே கிடைக்கும். போட்ட உடனே பார்த்து முடித்துவிட முடியாது. வெள்ளை விழியின் மேல் இருக்கும் மெத்தென்ற சவ்வில் லென்ஸ் சில மணி நேரம் அமிழ்ந்துகொண்டே இருக்கும். நூறு மைக்ரான் வரை இறங்கலாம். ஆகவே இறங்கிய பிறகு எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

அதற்காக இடைவெளியைத் தாராளமாக விட்டுவிடவும் முடியாது. லென்ஸ் பொருள் இன்று ஆக்சிஜனை நன்றாகவே விடுகிறது. தேங்கி நிற்கும் நீர் அந்த அளவு விடுவதில்லை. நீர் ஆழமாக ஆக, கார்னியாவுக்கு மூச்சு குறையும். மாற்றுக் கார்னியா பொருத்தியவர்களுக்கு இது உயிர்நாடியான கணக்கு. தானமாக வந்த திசுவின் பின்பக்கத்தில் நீரை வெளியேற்றும் செல்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். இன்னொன்று: உயரமாக நிற்கும் லென்ஸ் நடுவை விட்டு எளிதில் நழுவும். நழுவினால் என்ன என்பதிலிருந்துதான் விளிம்பின் கதை தொடங்குகிறது.

வெள்ளை விழி உருண்டை என்று நினைப்பது இயல்பு. கார்னியாவின் எல்லையைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் போனாலே அது பொய்த்துவிடும். நான்கு பக்கமும் நான்கு சரிவு. மூக்குப் பக்கம் தட்டையாகவும் மேடாகவும் இருக்கும், காதுப் பக்கம் செங்குத்தாக இறங்கும். கண்ணை உள்பக்கம் திருப்பும் தசை கார்னியாவின் எல்லையிலிருந்து ஐந்தரை மில்லிமீட்டரிலேயே ஒட்டிக்கொள்கிறது, வெளிப்பக்கத் தசை ஏழு மில்லிமீட்டருக்கு அருகே. இந்த ஏற்றத்தாழ்வுக்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட தரையில் எல்லாப் பக்கமும் ஒரே சரிவாகக் கடைந்த லென்ஸை வைத்தால், மூக்குப் பக்க மேடு அதைக் காதுப் பக்கம் தள்ளும். அதன் எடையும் மேல் இமையும் சேர்ந்து கீழே தள்ளும். வெளிப்புறமாகவும் கீழாகவும் இறங்கி நிற்கும் லென்ஸ் இந்தத் துறையில் தினப்படிக் காட்சி.

கீழே இறங்கியதும் மேல்பக்க நீர் மெலிந்து, கீழ்ப்பக்க நீர் தடித்து, நடுவில் ஓர் ஆப்பு உருவாகிறது. நீராலான அந்த ஆப்பு, ஒளியைச் சாய்க்கும் பட்டகம். ஒரு கண்ணுக்கு மட்டும் லென்ஸ் போட்டவருக்கு இரண்டு கண்களின் படங்களும் மேலும் கீழுமாகப் பிரியத் தொடங்கும். லென்ஸின் ஒளியியல் மையம் பாப்பாவின் மையத்தைவிட்டு விலகுவதால் கோமாவும் திரும்பி வரும். கூம்பின் கோமாவை நீரால் மறைத்துவிட்டு, நழுவிய லென்ஸால் இன்னொரு கோமாவைச் சேர்ப்பது வருத்தமான காரியம். பகலில் பாப்பா சுருங்கியிருக்கும்போது தப்பித்துக்கொள்ளும் இந்தப் பிழை, இரவில் பாப்பா விரிந்ததும் வண்டி ஓட்டுபவருக்கு எதிரே வந்து நிற்கும்.

நழுவாமல் நின்றாலும் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு திசையில் உயர்ந்தும் அதற்குக் குறுக்கே தாழ்ந்தும் இருக்கிற வெள்ளை விழியில் ஒரே சீரான விளிம்பு உட்கார்ந்தால், லென்ஸே லேசாக வளைந்துகொடுக்கும். மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக்; கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு முகப்பில் சிலிண்டர் பவராக முளைக்கும். கண்ணில் இல்லாத சிலிண்டர், லென்ஸை மேசையில் வைத்து அளந்தால் அதிலும் இல்லாத சிலிண்டர். இரண்டும் சேர்ந்தால் மட்டும் பிறக்கிறது. லென்ஸைத் தடித்ததாகச் செய்து அதை அடக்கலாம், ஆக்சிஜன் குறையும். முகப்பில் எதிர்ச் சிலிண்டர் வெட்டி மறைக்கலாம், நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு வைத்தியம் செய்தது போலாகும். சரியான வழி விளிம்பில் இருக்கிறது: வெள்ளை விழியின் இரண்டு திசைச் சரிவுக்கும் இரண்டு விதமாக விளிம்பைக் கடைவது. டோரிக் விளிம்பு என்பார்கள். நான்கு கால்பகுதிகளையும் நான்கு விதமாகக் கடைவதும் உண்டு. கண்ணின் அச்சையே எடுத்தோ, வெள்ளை விழியின் மேடுபள்ளத்தை ஒளியால் அளந்தோ செய்வதும் வந்துவிட்டது. புடாபெஸ்டிலும் பிறகு லண்டனிலும் ஜோசஃப் டாலோஸ் 1930களில் உயிருள்ள கண்ணில் அச்செடுத்து லென்ஸ் செய்தவர். சுற்றிவந்து அவர் நின்ற இடத்துக்கே கலை திரும்பியிருக்கிறது.

டோரிக் விளிம்பின் உண்மையான கொடை அதற்குப் பிறகுதான் தெரியும். தனக்குப் பொருந்திய சரிவில் போய்ப் பூட்டிக்கொண்ட லென்ஸ், பிறகு சுழல்வதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நிற்கும். லென்ஸில் பொறித்த சிறு குறிகளைப் பார்த்தால் தெரியும்: எந்தக் கோணத்தில் போட்டாலும் சில இமைப்பில் திரும்பித் தன் இடத்துக்கு வந்துவிடும், நாளைக்கும் அதே இடம்தான். லென்ஸ் எங்கே, எந்தக் கோணத்தில் நிற்கும் என்று தெரிந்துவிட்டால், அதன் முகப்பில் எதை வேண்டுமானாலும் வெட்டலாம். கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸால் வரும் சிலிண்டரையும் திருத்தலாம். லென்ஸ் கீழிறங்கித்தான் நிற்கும் என்றால் ஒளியியல் மையத்தை மட்டும் பாப்பாவுக்கு நேரே நகர்த்தி வெட்டலாம். முகப்பை முழுக் கோளமாக விடாமல் ஓரத்தை நோக்கிப் படிப்படியாகத் தட்டையாக்கினால் கோளப் பிழை குறைந்து எழுத்து கூடுதலாகத் தெளியும். ஆனால் அப்படி வெட்டிய முகப்பு மையம் தப்பினால் தண்டனையும் கூடுதல். முகப்பின் நயங்களெல்லாம் விளிம்பின் தயவில் நிற்பவை.

நண்பகல் மூட்டத்திலும் இந்த விளிம்பின் பங்கைப் பார்க்கலாம். காலையில் பளிச்சென்று தெரிந்தது, மதியத்தில் புகை படிந்தது போல மங்குகிறது என்பது பலருடைய புகார். நீர்த்தேக்கத்துக்குள் கொழுப்பும் சளியும் கழிவும் சேர்ந்து கலங்கிவிடுகின்றன. லென்ஸைக் கழற்றி, கழுவி, புது சலைன் ஊற்றிப் போட்டால் மறுபடி பளிச்சென்று ஆகும். மூட்டத்துக்குப் பல காரணங்கள் உண்டு. விளிம்பு ஏதோ ஒரு பக்கம் தூக்கி நின்று, வெளிக் கண்ணீரை உள்ளே உறிஞ்சுவது அவற்றில் ஒன்று. இறுக்கிப் பதித்தால் தீராது. ரத்தக் குழாய்கள் நசுங்கி, விளிம்பை ஒட்டிய வெள்ளை விழி வெளுத்துத் தெரியும், மாலையில் கண் சிவந்து வலிக்கும். வெயிலிலும் தூசியிலும் வேலை செய்பவர்களின் வெள்ளை விழியில் மூக்குப் பக்கம் மஞ்சளாக ஒரு சிறு மேடு இருக்கும். அந்த மேட்டுக்கு நேரே மட்டும் விளிம்பைச் சற்று உயர்த்தியோ, சிறு வெட்டு விட்டோ செய்து கொடுப்பார்கள். ஒரே ஒரு மேட்டுக்காக ஒரு விளிம்பைத் தனியாகச் செதுக்கும் இந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கூம்பே இல்லாமல் இந்த லென்ஸ் தேவைப்படும் கண்களும் உண்டு. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், பெரும்பாலும் மாத்திரை ஒவ்வாமையால் தோலுரிந்து, பிழைத்தவர்களின் கண்ணீர்ச் சுரப்பையும் இமையோரத்தையும் நாசமாக்கிவிட்டுப் போகிறது. இமையின் உள்விளிம்பு தோலாகத் தடித்து, ஒவ்வொரு இமைப்பிலும் கார்னியாவை அறுக்கும். வலியோடு வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் கிடப்பவர்கள் இவர்கள். இங்கே லென்ஸின் ஒவ்வொரு அம்சமும் வேறு பணிக்கு மாறுகிறது: அகலம் இமைக்கும் கார்னியாவுக்கும் நடுவே சுவராகிறது, நீர்த்தேக்கம் நாள் முழுதும் கார்னியாவை நனைத்து வைக்கிறது. கார்னியாவின் எல்லையில் மேல்தோலைப் புதுப்பிக்கும் தாய்ச் செல்கள் இருக்கின்றன. அந்த வளையத்தின் மேல் அழுத்தம் விழாமல் லென்ஸ் தாண்டிப் போக வேண்டும் என்ற விதி, எஞ்சிய செல்களை நம்பி இருக்கும் இந்தக் கண்களில் இரட்டிப்பாகிறது. ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் பாஸ்டன் வழியிலான இந்த லென்ஸைப் பொருத்துகிறார்கள். உலர்ந்து பொரிந்த மேற்பரப்பு நனைந்து சமமாவதாலேயே இவர்களில் பலருக்குப் பார்வைப் பலகையில் சில வரிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

மிச்சம் நின்ற அந்தத் திரும்பிய கோமா வாலுக்கு வருகிறேன். லென்ஸைப் போட்டபடியே, கண்ணுக்குள் ஒரு ஒளிப்புள்ளியை அனுப்பி, திரும்பி வரும் அலைமுகப்பின் நெளிவை அளக்க முடியும். அந்த நெளிவுக்கு நேர் எதிரான நெளிவை, பாப்பா நிற்கும் இடத்துக்கு நேரே, லென்ஸின் முகப்பில் வைர நுனியால் கடைந்துவிட்டால் பின்பக்கக் கார்னியாவின் கெடுதலும் அடங்கும். கடைசல் ஆழம் சில மைக்ரான்தான். சிறிது சுழன்றாலும் பலன் போய்விடும் என்பதால், பூட்டிக்கொள்ளும் விளிம்பு இல்லாமல் இது கனவிலும் நடக்காது. ராம்குமார் சபேசன், கியூன்யங் யூன், ரோஸந்தால் உள்ளிட்டோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் கோமா போன்ற உயர்நிலைப் பிழைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன, பார்வைப் பலகையில் சராசரியாக இரண்டு வரிக்கு நெருங்கிய முன்னேற்றம் கிடைத்தது.

ஒளியியல் இவ்வளவு சுத்தமான பிறகும் கெரட்டோகோனஸ் கண் சாதாரணக் கண்ணை எட்டிவிடுவதில்லை. சபேசனும் யூனும் அதற்கு முன்பே, லென்ஸ் எதுவும் இல்லாமல், நெளியும் கண்ணாடி கொண்ட கருவியால் பிழைகளை முழுதாக அழித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் அந்தக் கண் சற்றுப் பின்தங்கித்தான் இருந்தது. அவர்களே மறுபக்கத்தையும் சோதித்தார்கள். ஆரோக்கியமான கண்ணுள்ளவர்களுக்கு அதே கருவியால் கெரட்டோகோனஸின் பிழையைக் கொடுத்தபோது, அந்தப் பிழையோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் அவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். வாலும் நிழலுமாக வந்த படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க மூளை பழகிக்கொண்டிருக்கிறது. வாலில்லாத படம் அதற்குப் புதிது. ஆகவே நன்றாகப் பொருந்திய லென்ஸைப் போட்ட முதல் நாளில் ஒருவர் எத்தனை வரி படித்தார் என்பதை வைத்து அதைத் திருத்தவோ ஒதுக்கவோ கூடாது என்பேன். சில வாரம் அவர் அதோடு படிக்கட்டும், நடக்கட்டும், பிறகு மறுபடி பலகையின் முன் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.